நூறக்கா எடை போடாத பொடி

மூலிகைப் பொடி ஆலையின் பொட்டல அறையில் அவளை எல்லோரும் நூறக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட ஆறேழு வயது மூத்த மேஸ்திரியும் அப்படித்தான் கூப்பிடுவார். கரண்டியை ஒரே ஒரு தடவை பீப்பாய்க்குள் விடுவாள். தராசில் நிற்கும் பைக்குள் சரிப்பாள். கரண்டியின் காம்பை ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். தராசின் சிவப்பு எண் ஓடி வந்து நூறு கிராமில் நிற்கும். வெறும் நூறு இல்லை, நூறு புள்ளி சைபர். பதினேழு வருடமாக இப்படித்தான். மூன்றாவது தட்டு விழுந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

இந்த வருடம் சில வாரங்கள் ஏழு தட்டு, எட்டுத் தட்டு விழுந்தது. அது ஏன் என்று தெரிந்து, சரியாகியும் விட்டது. அதனால் இப்போது அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

ஆலையில் பல வேர்கள் அரைபடுகின்றன என்றாலும் வருடத்தில் பாதி நாள் அமுக்கராக் கிழங்குதான், அசுவகந்தா என்பார்களே அது. விரல் பருமனில், மண் நிறத்தில், மூட்டை மூட்டையாக வரும். நன்றாகக் காய்ந்த கிழங்கை ஒடித்தால் சட்டென்று முறியும். உள்ளே மாவு போல வெள்ளையாக இருக்கும். வாசனைதான் கொஞ்சம் முரடு. மழையில் நனைந்த குதிரைக்குப் பக்கத்தில் நின்றால் எப்படியோ அப்படி. அரைவை இயந்திரம் ஓடும் நாட்களில் அது தலைமுடி, கைக்குட்டை, சாப்பாட்டு டப்பாவின் மூடி எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது வாசனையாகவே தெரியாது.

நூறக்காவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவள்தான் அந்த ஆலையின் நாக்கு. சில வியாபாரிகள் கிழங்கோடு தண்டையும் இலையையும் சேர்த்துக் கட்டி விடுவார்கள். அரைத்த பிறகு கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நாக்குக்குத் தெரியும். நல்ல கிழங்குப் பொடி முதலில் மெல்லக் கசக்கும். பிறகு இலேசாக இனிப்பது போலிருந்து, தொண்டையில் வறண்டு முடியும். இலை கலந்திருந்தால் கசப்பு நுனி நாக்கிலேயே பிடித்துக்கொண்டு போகவே போகாது. அதனால் ஒவ்வொரு பீப்பாய் நிரம்பியதும் ஒரு சிட்டிகை எடுத்து அவள் வாயில் போட வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து பீப்பாய். துப்புகிற பழக்கம் அங்கே கிடையாது. நான்கு பேர் சாப்பிடப்போகிற பொருளைத் துப்புவதா என்று ஆலையின் பழைய ஆட்கள் ஆரம்பித்து வைத்த ஒழுங்கு அது. சிட்டிகையை விழுங்கிவிட்டு, "போகலாம்" என்று தலையசைத்தால் பீப்பாய் நகரும்.

வீட்டில் அவள் கணவர். நகரப் பேருந்து ஓட்டுநர். போன வருடம் அவரை மாலை முறையிலிருந்து முதல் பேருந்துக்கு மாற்றினார்கள். இருபது வருடமாகத் தாமதமாகத் தூங்கிப் பழகிய உடம்பு, எட்டரைக்கே படு என்றால் படுக்குமா? தூக்கம் போயிற்று. தூக்கம் போனதும் பொறுமை போயிற்று. குக்கர் விசில் அடித்தால் குக்கரைத் திட்டுவார். மின்விசிறி கிறீச்சிட்டால் மின்விசிறியின் தகப்பன் வரை போவார்.

ஒரு நாள் நூறக்கா ஆலையிலிருந்து ஒரு பாக்கெட் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூரத் தள்ளினார்.

"ஏம்மா, இது குதிரைக்குப் போடுறதா?"

"குதிரை மாதிரி உழைக்கிறவங்களுக்குப் போடுறது. குடிங்க."

"உங்க ஆலைச் சரக்கை உங்க ஆலையிலேயே வச்சுக்க வேண்டியதுதானே?"

"பதினேழு வருஷமா ஊருக்கெல்லாம் கட்டிக் குடுக்கிறேன். கட்டினவனுக்கு ஒரு டம்ளர் கலக்கக் கூடாதா?"

பாக்கெட்டில் போட்டிருந்தபடி மூன்று கிராம், தலை தட்டிய ஒரு ஸ்பூன், சூடான பாலில். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதைத் தினமும் சொல்லிக் காட்டினார். இரண்டாவது வாரம் சொல்லிக் காட்டுவது குறைந்தது. மூன்றாவது வாரத்தில் டிவியில் செய்தி முடிவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்தது. காலையில் அலாரம் அடிப்பதற்கு முன் எழுந்து தானே வெந்நீர் வைத்தார். அந்த மாதக் கடைசியில் கண்டக்டர் கடைத்தெருவில் அவளைப் பார்த்து, "அண்ணனுக்கு என்னக்கா ஆச்சு? ஹாரன் அடிக்கிறதே பாதியாக் குறைஞ்சு போச்சே. ஆட்டோக்காரங்க எல்லாம் ஏங்கிப் போயிட்டாங்க" என்றார்.

பொடி அவருக்கு நல்லது செய்தது. அதில் சந்தேகம் இல்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நூறக்காவும் குடிக்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தூக்கக் குறை எதுவும் கிடையாது. ஆனால் எட்டு வருடமாகத் தைராய்டு குறைவு என்று தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுகிறவள். மாலையானால் ஓர் அசதி வரும். எப்படியும் பால் காய்ச்சுகிறோம், இன்னொரு டம்ளர் கலந்தால் என்ன என்று நினைத்தாள். அவருக்குப் போடும்போது ஸ்பூனைக் கத்தியால் தலை தட்டிப் போடுவாள். தனக்குக் கண் அளவு.

மூன்றாவது மாதம் தராசு காட்டிக் கொடுத்தது. இரண்டு தட்டுக்கு அடங்குகிற பொடி ஒரேயடியாகச் சரிந்தது. எண் நூற்றிரண்டுக்கு ஓடியது. எடுத்தாள், தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது. லேபிள் ஒட்டும் பெண், அவளுக்குப் பெயரே லேபிள், எட்டிப் பார்த்தாள்.

"என்ன, இன்னைக்கு நூத்திரெண்டக்காவா?"

"உன் லேபிள் கோணலா இருக்கு, அதைப் பாரு."

லேபிள் கோணலாக இல்லை. நூறக்கா கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் விரித்துப் பார்த்தாள். விரல் நுனிகள் ஆடின. மெல்லிய ஆட்டம்தான், தராசுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிகிற அளவு.

மற்றவர்களாக இருந்தால் கை நடுக்கத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுப் படுத்திருப்பார்கள். நூறக்காவுக்கு அப்பாவின் கைதான் ஞாபகம் வந்தது. அவளுடைய அப்பா கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதியவர். அளவுகோல் இல்லாமல் எட்டடிக்கு நேர்க்கோடு இழுப்பார். ஐம்பத்தொரு வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் கடைசியாக எழுதிய பலகை இன்னும் சைக்கிள் கடை வாசலில் தொங்குகிறது. பெயருக்குக் கீழே இழுத்த கோடு, காற்றில் ஆடுகிற கயிறு மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அவர் தூரிகையைத் தொடவில்லை. கடைசி நாட்களில் சட்டைப் பொத்தானையும் தொட முடியவில்லை. நூறக்காவுக்கு இப்போது நாற்பத்தெட்டு.

யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. அவன் வேறு ஊரில் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான். "கை கால் எல்லாம் நல்லாயிருக்காக்கா?" என்று எப்போதும் கேட்பதுதான். அந்த வாரம் அந்தக் கேள்வி அவளுக்குக் குத்தியது. "ம், இருக்கு" என்று போனை வைத்துவிட்டாள்.

அவள் செய்த காரியம் வேறு. பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாள். தினமும் ஆயிரம் தடவை கையில் எடுத்தும், அளவைத் தவிர வேறெதையும் படிக்காத பாக்கெட். 'தூக்கமின்மை, மன அழுத்தம், உடல் சோர்வு, நரம்புத் தளர்ச்சி.' நான்காவது சொல்லில் கண் நின்றது. நடுக்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மருந்து கையிலேயே இருக்கிறது. அன்றிலிருந்து காலையில் ஒரு குவிந்த ஸ்பூன், மாலையில் ஒரு குவிந்த ஸ்பூன்.

நடுக்கம் கூடியது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு தடதடவென்று அடித்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே வியர்த்தது. வளையல் முழங்கை வரை சறுக்கியது. "அக்கா மெலிஞ்சு அழகாயிட்டீங்க, என்ன ரகசியம்?" என்று லேபிள் கேட்டாள். ரகசியம் என்னவென்று அக்காவுக்கே தெரியாது.

ஒரு திங்கட்கிழமை மேஸ்திரி வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் நின்றதும் கை இன்னும் ஆடியது. ஒன்பது தட்டு. அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். சாப்பாட்டு மணிக்குப் பிறகு திரும்பி வந்தார்.

"நூறக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வாரம் லேபிள் பக்கம் உட்காருங்களேன்."

"ஒரு வாரமா? இல்ல, இனிமே அங்கதானா?"

"உடம்பைப் பார்த்துட்டு வாங்கன்னு சொல்றேன். தராசு எங்க ஓடிடப் போகுது?"

அன்று மாலைதான் கணவரிடம் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கு நான் லீவு" என்றார்.

மருத்துவர் அவளைவிடச் சின்னவர், அவசரமில்லாதவர். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடத்தது.

"மடியில சும்மா வச்சிருக்கும்போது ஆடுதா?"

மடியில் வைத்தாள். ஆடவில்லை.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தாங்க..." என்று ஆரம்பித்தவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் மீதியைச் சொன்னார்.

"அவருக்கு எப்போ ஆடும்? டிவி பார்க்கும்போது, சும்மா இருக்கும்போது?"

"சும்மா இருக்கும்போதுதாங்க அதிகம். மடியிலயே ஆடிக்கிட்டிருக்கும்."

"உங்களுக்கு நீட்டினாத்தான் ஆடுது. பார்க்கிறதுக்கு இது வேற மாதிரி தெரியுது. இப்பவே பயப்பட வேணாம், ரத்தம் பார்த்துடலாம். தைராய்டு மாத்திரை தவிர வேற மருந்து எதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்க. ஒண்ணுமே இல்ல."

பொய் சொல்லவில்லை. ஆலை ஆட்களுக்கு அது மருந்து இல்லை, சரக்கு. துணிக்கடைக்காரன் துணியைப் பார்ப்பது போல அவர்கள் அதைப் பார்ப்பார்கள். வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் அது மருந்து.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. வேலை முடிந்து நேராக மருத்துவமனைக்குப் போனாள். கணவர் அங்கே வந்திருந்தார். மருத்துவர் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"உங்களுக்குத் தைராய்டு குறைவுக்குத்தானே மாத்திரை? இப்போ உடம்புல அது ரொம்ப அதிகமா இருக்கு. அதான் நடுக்கம், படபடப்பு, மெலியுறது எல்லாம். மாத்திரையை ரெண்டு ரெண்டா போடுறீங்களா?"

"ஒண்ணுதாங்க. எட்டு வருஷமா ஒண்ணுதான்."

"நான் சாட்சி" என்றார் கணவர். "டப்பாவை எண்ணியே வைப்பா."

மருத்துவர் நாடி பார்க்க அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மூக்கு இரண்டு தடவை அசைந்தது.

"தப்பா நினைக்காதீங்க. வீடு குதிரை லாயம் பக்கமா?"

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நூறக்காவுக்கு வெட்கமாகப் போயிற்று.

"இது வேலை வாசனைங்க. அமுக்கரா ஆலையில இருக்கேன்."

மருத்துவர் நாடியை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை நீங்களும் சாப்பிடுறீங்களா?"

"வீட்டுல பால்ல போட்டு... அது மருந்தில்லீங்களே."

"சிலருக்கு அது தைராய்டைத் தூக்கி விட்டுடும். அதனாலதான் தைராய்டு மாத்திரை போடுறவங்க கேட்காம சாப்பிடக் கூடாதுன்னு சொல்றோம். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுறீங்க?"

நூறக்கா விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் அரை கிராம் பிசகாமல் கட்டிக் கொடுக்கிறவளுக்குத் தன் வயிற்றுக்குள் போனது எத்தனை கிராம் என்று தெரியவில்லை.

"பொடியாலதான்னு இன்னைக்கே முடிவு கட்ட மாட்டேன்" என்றார் மருத்துவர். "முழுசா நிறுத்துங்க. மாத்திரையை நீங்களாக் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கலாம். நடுவுல படபடப்பு கூடினா உடனே வாங்க."

கணவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்போ நான் குடிக்கிறது? எனக்குத் தூக்கமே அதுலதாங்க வந்துச்சு."

"தைராய்டு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஈரல் கோளாறு எதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க. கோபம் மட்டும்தான்."

"அதுக்குத்தான் பொடி" என்றாள் நூறக்கா.

மருத்துவரும் சிரித்துவிட்டார். "பாக்கெட்ல இருக்கிற அளவைத் தாண்டாதீங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இடைவெளி விடுங்க. பகல்ல மந்தமா இருந்தா வண்டி எடுக்காதீங்க. வேற மாத்திரை எதாவது ஆரம்பிச்சா முதல்ல இதைச் சொல்லுங்க. இதுவும் மருந்துதான்."

மறுநாள் ஆலைக்குப் போனதும் நூறக்கா வீட்டு ஸ்பூனைப் பையிலிருந்து எடுத்தாள். மேஸ்திரியும் லேபிளும் பார்த்துக்கொண்டிருக்க, வழக்கம்போலக் குவித்து எடுத்துத் தராசில் கொட்டினாள். ஐந்து புள்ளி இரண்டு. இன்னொன்று. பத்து புள்ளி நான்கு. பிறகு ஒரு பீப்பாயிலிருந்து சிட்டிகை சிட்டிகையாகப் பதினைந்து தடவை எடுத்து அதன் மேலேயே போட்டாள். எண் பன்னிரண்டு புள்ளி எட்டில் வந்து நின்றது.

"பாக்கெட்ல மூணுன்னுதானே நான் ஒட்டுறேன்" என்றாள் லேபிள், குரல் இறங்கி. "நாலு பங்குக்கு மேல சாப்பிட்டிருக்கீங்களே."

"பாலை விடு. இந்தச் சிட்டிகையை நான் சாப்பாடுன்னே நினைச்சதில்ல" என்றாள் நூறக்கா.

மேஸ்திரி அந்தச் சின்னக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இளவயதில் நாக்காக இருந்தவர்தான். அன்று மதியமே சுவை பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளியும் ஒரு குடம் தண்ணீரும் வந்தன. இனி யார் சுவைத்தாலும் வாளியில் துப்பி வாய் கொப்பளிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருவர் மாற வேண்டும். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறவர்கள் நாக்கு நீட்டக் கூடாது. முதல் வாரம் லேபிளுக்கு விழுந்தது. முதல் சிட்டிகையைப் போட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து அரைவைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இதையா அக்கா இத்தனை வருஷமா முகம் சுளிக்காம விழுங்குனீங்க?"

"கசப்பு போகட்டும், பின்னாடி இனிக்கும், பொறு."

"இனிக்கிறதுக்குள்ள நான் செத்துடுவேன்!"

நூறக்கா லேபிள் மேசையில் உட்கார்ந்து ஒட்டினாள். நாளுக்கு ஒரு தடவை, காலையில், கையை நீட்டி விரல் மேல் ஒரு லேபிள் தாளை வைத்துப் பார்ப்பாள். முதல் வாரம் படபடத்தது. இரண்டாவது வாரமும் படபடத்தது. அந்த வாரம் ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை. மூன்றாவது வாரம் படியேறும்போது நெஞ்சு அடிக்கவில்லை என்பதை மேலே போன பிறகுதான் கவனித்தாள். நான்காவது வாரம் வியாழக்கிழமை தாள் இலேசாக அசைந்து அடங்கியது. ஐந்தாவது வாரம், தாள் விரல் மேல் தாளாகவே கிடந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மின்விசிறி நின்றிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஆறாவது வாரம் மருத்துவர் முடிவைப் பார்த்து, "இருக்க வேண்டிய இடத்துல இருக்கு" என்றார். "மாத்திரை அதே ஒண்ணு. பொடி உங்களுக்கு வேணாம். கட்டிக் குடுங்க, போதும்."

வெளியே வந்ததும் கணவர் பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பினார். அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். கை ஆட ஆரம்பித்ததிலிருந்து அவள் ஒதுக்கி வைத்திருந்த சைக்கிள் கடைத் தெரு அது. பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அப்பாவின் கோடு ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு எட்டடியையும் இழுத்து முடித்திருக்கிறாரே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அங்கேயே நின்று தம்பியைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்: நடுக்கம், பயம், குதிரை லாயம், பன்னிரண்டு புள்ளி எட்டு.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்க்கா." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான் தினமும் காலையில டம்ளர்ல தண்ணியைத் தளும்பத் தளும்ப ஊத்தி, தூக்கிப் பார்ப்பேன். ஒரு சொட்டு சிந்தினாலும் அன்னைக்கு வேலையே ஓடாது. நாலு வருஷமா."

"பைத்தியம். என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ சொன்னியா?"

நூறக்கா சிரித்தாள். அவனும் சிரித்தான். "இனிமே தண்ணியைக் குடிக்கிறதுக்கு ஊத்துடா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் மேஸ்திரி தராசைத் துடைத்து, நாற்காலியை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நூறக்கா கரண்டியைப் பீப்பாய்க்குள் விட்டு எடுத்தாள். சரித்தாள். ஒரு தட்டு. இரண்டு தட்டு.

லேபிள் எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"உனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, நூறக்கா அடுத்த பையை எடுத்து வாய் விரித்தாள்.